கொண்டைக்கு வாங்கிய ஹெல்மெட்

போன மாதம் நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்கள் ஐந்து பேருக்கும் டீயும் வடையும் கொடுத்து வரவேற்றார்கள். பழைய ஆள் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கிராம சுகாதார செவிலியராக ஆற்றங்கரை ஊர்களில் ஆயுள் முழுக்க அலைந்து ஓய்வு பெற்றவள், நாலு நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நானும் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தேன். அதற்குள் உங்களில் ஒருத்தி, பெயர் வேண்டாம், என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யக்கா, நானும் வண்டி எடுத்துட்டேன். ஹெல்மெட்தான் எது வாங்கன்னு தெரியல. கொண்டை போட்டா எதுவும் உள்ள இறங்க மாட்டேங்கு. ஒரு சைஸ் பெரிசா எடுத்தா சரியாப் போயிரும்லா?"

நல்ல அடர்த்தியான முடி அவளுக்கு. கொண்டையைச் சுற்றி ஒரு முழம் பிச்சிப்பூ. நான் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தேன். "பெரிசு எடுக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். போனவள் அப்படியே என் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கூட்டத்தில் என்னைத் தேடியதாகப் பிறகு சொன்னார்கள்.

நான் கோபக்காரி என்று உங்களிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார்கள். அதில் பாதி உண்மை. ஆனால் அன்றைக்குக் கோபம் இல்லை. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். இப்போது சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

செண்பகம் என்று ஒருத்தி இருந்தாள் என்று ஆரம்பித்தால் செத்துப்போய்விட்டாள் என்று நினைப்பீர்கள். நன்றாக இருக்கிறாள். ஓசூரில் மகன் வீட்டில், நாலாவது மாடியில் இருக்கிறாள். என் துணை சுகாதார நிலையத்துக்கு அடுத்தது அவளுடையது. முக்கூடல் பக்கம் ஐந்து ஊர்கள் அவளுக்கு, சேரன்மகாதேவி பக்கம் நாலு ஊர்கள் எனக்கு, நடுவில் ஆறு ஓடுகிறது. இருவரும் ஒரே வருடம் சேர்ந்தோம். ஒரே சண்டைக்காரிகள். ஒருநாள் பார்க்காவிட்டால் மறுநாள் போன் போட்டுத் திட்டிக்கொள்வோம்.

அவளுக்கு ஒரு மூக்கு இருந்தது. அதைத்தான் உங்களிடம் சரியாகச் சொல்ல வேண்டும். நம் வேலையில் பிரசவமான வீட்டுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்க்கிறோம் அல்லவா, அங்கே சூடு பார்க்கவும் எடை பார்க்கவும் கருவி கொடுத்திருக்கிறார்கள். நாற்றத்துக்குக் கருவி கிடையாது. தொப்புள்கொடி சீழ் வைக்க ஆரம்பிப்பதும், தாய்க்கு உள்ளே கிருமி சேர்ந்திருப்பதும் முதலில் மூக்குக்குத்தான் தெரியும். காய்ச்சல் அப்புறம்தான் வரும். முக்கூடல் பக்கத்தில் பாதி வீடுகளில் பீடி சுற்றுவார்கள். வாசலிலேயே புகையிலை நெடி முகத்தில் அடிக்கும். அந்த நெடிக்குள்ளே நின்றுகொண்டு, பிள்ளையைக் கையில் வாங்காமலேயே செண்பகம் கேட்பாள், "தொப்புள்ள என்னத்தத் தடவுனிய?" என்று. அந்த வீட்டுக் கிழவி திருதிருவென்று விழிப்பாள். துணியை விலக்கிப் பார்த்தால் சாம்பலோ விளக்கெண்ணெயோ அப்பியிருக்கும், அடியில் ஈரம் கசிந்திருக்கும். அப்படி எத்தனை பிள்ளைகளை அவள் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. நான் அவளைக் கிண்டல் செய்வேன். மோப்பநாய் வேலைக்குப் போயிருந்தால் இந்நேரம் போலீஸில் பெரிய அதிகாரி ஆகியிருப்பாய் என்பேன்.

நாங்கள் பஸ்ஸிலும் நடையிலும் அலைந்து சலித்து, ஆளுக்கொரு வண்டி எடுத்தது இருவருக்கும் நாற்பது வயது ஆனபிறகு. டவுணில் ஒரே நாளில் எடுத்தோம். இரண்டும் ஒரே நிறம். நெல்லையப்பர் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு, ரத வீதியைத் தாண்டுவதற்குள் நான் ஒரு துணிக்கடை பொம்மையின் மேல் மோதினேன். செண்பகம் வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பொம்மையிடம் மன்னிப்புக் கேட்டாள்.

ஹெல்மெட் எல்லாம் அப்போது எங்கள் கணக்கிலேயே இல்லை. கையுறை என்றால் பிரசவத்துக்குப் போடுவது, அவ்வளவுதான் தெரியும். காலில் ரப்பர் செருப்பு. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டால் பாதுகாப்பு முடிந்தது. எங்களுக்குப் புத்தி வந்தது என் கையால்தான். வாய்க்கால் கரையில் ஈரமண்ணில் வண்டி சறுக்கியது. விழும்போது எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், கையை ஊன்றினேன். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து, சரளைக்கல் பதிந்துவிட்டது. பெரிய காயம் இல்லை. ஆனால் ரெண்டு வாரத்துக்கு ஊசியைப் பிடிக்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்க முடியவில்லை. தாய்மார்கள் என் கையைப் பார்த்துவிட்டு, "நர்ஸம்மாவுக்கு யாரு மருந்து போடுதா?" என்று கேட்டார்கள். என் ஊர்களுக்கும் சேர்த்து செண்பகம்தான் அலைந்தாள். அலைந்து முடித்து ஒருநாள் வந்து சொன்னாள், "ஏட்டி, ஊசி போடுத கைக்கு உறை இல்லாம வண்டி ஓட்டுதோம் பாரு, நம்மளப் போல கூறுகெட்டவ உண்டா? வா, மேலப்பாளையத்துல ஒரு கடை இருக்காம். போயி எல்லாம் வாங்கிருவோம்."

அது சின்னக் கடை. கடைக்கார பாய் சவுதியில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வருகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்கமாட்டார், என்ன ரோட்டில் போகிறீர்கள் என்று கேட்பார். நாங்கள் வாய்க்கால் கரை, வயல்காடு, ஆற்றுப்பாலம் என்று சொன்னோம். காலைப் பார்த்தார். "செருப்ப மாத்துங்க தங்கச்சி. கணுக்கால் மூடணும். வண்டி காலு மேல விழுந்தா முதல்ல போறது கணுக்காலுதான்" என்றார். எனக்கு உள்ளங்கையில் தடித்த தோல் வைத்த கையுறை எடுத்துக் கொடுத்தார். முழங்கையிலும் தோளிலும் பட்டை வைத்த, சேலைக்கு மேலே போடுகிற மெல்லிய ஜாக்கெட் ஒன்றும் காட்டினார். அடர்ந்த நிறம் வேண்டாம், வாழைத்தோட்டத்துக்கு நடுவில் வரும்போது லாரிக்காரன் கண்ணுக்குத் தெரிகிற நிறம் போதும் என்று மஞ்சளைக் கொடுத்தார்.

ஹெல்மெட்டுக்கு அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. தலையில் மாட்டிவிட்டு, எதிர்க்கடையில் டீ சொல்லுவார். டீ வந்து ஆறுகிற வரைக்கும் கழற்றக் கூடாது. நெற்றி எங்கேயாவது வலித்தால் அது நம் தலைக்கு இல்லை. கன்னத்தை அமுக்கிக்கொண்டு, ஆட்டினால் தோலும் சேர்ந்து ஆடினால், அது நமக்கானது. எனக்கு முடி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, எலிவால்தான். முதலில் எடுத்ததே பொருந்திவிட்டது. செண்பகத்துக்கு இடுப்பு வரைக்கும் முடி. அதைச் சுருட்டிக் கொண்டை போட்டு, அதன்மேல் பூ. என் அளவுதான் அவளுக்கும் சரி என்று பாய் சொன்னார், ஆனால் அது கொண்டையில் முட்டிக்கொண்டு நின்றது. அடுத்த அளவை எடுத்தாள். அது உள்ளே இறங்கியது, ஆனால் ஆட்டினால் தனியாக ஆடியது.

பாய் டீ சொல்லவில்லை. அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தங்கச்சி, நீங்க தலைக்கு வாங்குதியளா, கொண்டைக்கு வாங்குதியளா?"

செண்பகம் சிரித்தாள். யோசித்தாள். "வேணும்னா பின்னிப் போட்டுக்கிடட்டுமா? சின்னதே எடுக்கட்டா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

இந்த இடத்தில்தான் நான் நிற்க வேண்டியிருக்கிறது. அவள் கேட்டது என்னிடம். எனக்கு அன்றைக்கு அவசரம். சேரன்மகாதேவி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது, வண்டியை சர்வீஸுக்கு விட்டிருந்தோம். "ஒரு நாளைக்குப் பத்து வீட்டுக்கு ஏறி இறங்குத. குனியும்போதெல்லாம் முன்னால விழுத பின்னலை எடுத்துப் பின்னால போட்டுக்கிட்டு நிப்பியா? பெரிசையே எடுட்டி. வாரை இறுக்கிப் போட்டாப் போதும். நேரமாகுது" என்றேன். அவள் பெரியதையே எடுத்தாள். நான் சொன்னால் அவள் கேட்பாள். அந்தப் பழக்கம் எங்களுக்குள் இருந்தது.

பாய் பெரியதை எடுத்துத் துடைத்தார். கட்டிக் கொடுத்தார். அன்றைக்கு எங்களுக்கு டீ கிடைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை. தடுப்பூசி நாள். காலையில் சுகாதார நிலையத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டு இருவரும் முன்னும் பின்னுமாகப் போனோம். அவள் முன்னால், நான் பின்னால். ரோட்டில் உளுந்துச் செடியைப் பிடுங்கிப் பரப்பியிருந்தார்கள், வண்டிகள் ஏறி உதிரட்டும் என்று. நம் பக்கம் எல்லோரும் செய்வதுதான். நிதானமாகத்தான் போனாள். செடிக்கு அடியில் உருண்டு கிடந்த உளுந்தில் முன்சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம் போக, அவள் மல்லாந்து விழுந்தாள். தலை தரையில் படுவதற்கு முன்பே ஹெல்மெட் கழன்று வாழைத்தோட்டத்துக்குள் உருண்டு போவதைப் பார்த்தேன். வார் போட்டிருந்தாள். நான்தான் காலையில் அதை இறுக்கிவிட்டேன்.

வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். உளுந்துக்கு நடுவில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "பெட்டி, பெட்டியப் பாரு" என்றாள். நான் பெட்டியைப் பார்த்தேன். நீங்கள் சிரிக்கக் கூடாது, இது நம் ஆட்கள் மட்டும் செய்கிற காரியம். நாளைக்கு நீங்களும் செய்வீர்கள். ஓடிப்போய்த் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஐஸ் உருகியிருக்கிறதா, மருந்துக்குப்பி உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மூடி, தாழ்ப்பாளைப் போட்டேன். "பெட்டி நல்லாயிருக்கு" என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் தலையைத் தொட்டுப் பார்த்தேன்.

ரத்தம் இல்லை. பின்னந்தலையில் சின்ன வீக்கம். மயக்கம் வருகிறதா, வாந்தி வருகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அங்கன்வாடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாய்மார்கள் காத்திருப்பார்கள், வெயில் ஏறிவிட்டது. "போயிருவோமா?" என்றாள். அப்போதே அவளை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். வேறு யார் தலையில் அடிபட்டிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன், வர மறுத்தால் வைது ஏற்றியிருப்பேன். அவள் என்பதால் செய்யவில்லை. நாம் நம்மை நோயாளிகளில் சேர்ப்பதில்லை. தோட்டத்துக்குள் போய் ஹெல்மெட்டை எடுத்து வந்து, மண்ணைத் தட்டி, அவள் கையில் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு போனாள். வந்திருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டாள்.

சாயங்காலம் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க இருவரும் வந்தோம். வராந்தாவில் உட்கார்ந்து தலையிலிருந்து பூவை எடுத்தாள். காலையில் மொட்டாக வாங்கி வைத்தது, அப்போதுதான் விரிந்திருந்தது. "இன்னைக்குப் பூக்காரி என்னைய ஏமாத்திட்டா. மணமே இல்ல பாரு" என்று என்னிடம் நீட்டினாள்.

வராந்தா முழுக்கப் பிச்சி மணத்தது. கையில் வாங்கக்கூட வேண்டியதில்லை. "ஆமா, வாடிட்டு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பொய் சொல்ல வராது. எழுந்துபோய்க் கை கழுவுகிற சோப்பை எடுத்து முகர்ந்தாள். வைத்தாள். மறுபடியும் எடுத்து முகர்ந்தாள்.

பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. பின்னந்தலையில் அடிபட்டால் மூளை முன்னால் போய் மோதும், மூக்கிலிருந்து மேலே போகிற நரம்பு இழைகள் அறுந்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். ஒரு வருடத்துக்குள் திரும்பினால் உண்டு என்றார். திரும்பவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசி வரைக்கும் நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் அவள் அழவில்லை. ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்த முதல் நாள் அழுதாள். பீடி சுற்றுகிற ஒரு வீடு, பிரசவமாகி ஆறு நாள். துணைக்கு நானும் போயிருந்தேன். வாசலில் நின்று மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். பிறகு என்னிடம், "நீ உள்ள போயிப் பாரு" என்றாள். நான் பார்த்துவிட்டு வந்தேன், பிள்ளை நன்றாக இருந்தது. வேப்பமரத்தடியில் நின்று சொன்னாள், "ஏட்டி, எனக்கு இனி இந்த வேலை சரிப்படாது. இந்தப் புள்ள நல்லாயிருக்கு. நாளைக்கு ஒரு புள்ளைக்குச் சீழ் வச்சு, நான் பக்கத்துல நின்னுக்கிட்டே தெரியாமப் போனா? எழுதிக் கொடுத்துட்டுப் போயிருதேன்."

புருஷன் இல்லாதவள். மகன் அப்போது படித்துக்கொண்டிருந்தான். ஆனால் அவள் அழுதது சம்பளத்துக்காக இல்லை. அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். அது போனால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். "எம் மூக்கு சும்மாதான கெடக்கு. அதை வச்சுக்கோ" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பிரசவமான வீடுகளுக்கெல்லாம் இருவரும் சேர்ந்தே போவது என்று வைத்துக்கொண்டோம். என் ஊரோ அவள் ஊரோ, என் வண்டிதான். அவள் பின்சீட்டு. அவள் திரும்ப வண்டி ஓட்டவில்லை. வேலைக்குத் திரும்பிய அந்த வாரமே மேலப்பாளையம் போனோம். முடியைப் பின்னித் தாழப் போட்டிருந்தாள். பாய்க்கு எங்களை அடையாளம் தெரிந்தது. அவள் கையிலிருந்த பழைய ஹெல்மெட்டில் கீறலைப் பார்த்தார். அன்னைக்கே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாத ஒரு மனுஷனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரு தடவை அடி வாங்கியதைத் திரும்பப் போடக் கூடாது என்று பழையதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். சின்ன அளவை மாட்டிவிட்டு, டீ சொன்னார். செண்பகம் அதைப் போட்டுக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஆறியதும் கழற்றிவிட்டுக் குடித்தாள்.

"டீ எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"இனிப்பா இருக்கு பாய்" என்றாள். இஞ்சி தட்டிப்போட்ட டீ அது. அவளுக்கு இனிப்பு மட்டும்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஓடிய வருடங்களைத்தான் நான் இப்போது ராத்திரி பகல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வண்டி ஓட்டுகிறவள் நான், வழி சொல்லுகிறவள் அவள். பள்ளம் வந்தால் என் தோளில் ஒரு தட்டு, "பைய போ". மாடு வந்தால் ரெண்டு தட்டு. எனக்கு மூக்கை உபயோகிக்கச் சொல்லிக்கொடுத்தாள். "வாசல்லயே இழுக்காதட்டி. முதல்ல உள்ள இருக்க மூச்ச பூராவும் விடு. பெறவு பைய இழு." அவள் கண்ணையும் கையையும் கூர்மையாக்கிக்கொண்டாள். வயிற்றை அழுத்திப் பார்த்தே சொல்லுகிற அளவுக்கு வந்தாள்.

ஒரு வீட்டில் தாய்க்கு நாலாம் நாள். சூடு இல்லை, சிரித்துப் பேசுகிறாள். எனக்கு என்னவோ ஒரு வாடை, ஆனால் அடுப்பில் கருவாடு, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மாமியார்க்காரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பமாட்டேன் என்கிறாள். நான் செண்பகத்தைப் பார்த்தேன். "உனக்குத் தோணுதா, தோணலயா? அதை மட்டும் சொல்லு" என்றாள். தோணுது என்றேன். உடனே அவள் மாமியார்க்காரியிடம் திரும்பி, "வண்டியக் கூப்பிடுங்கம்மா. தப்பா இருந்தா எங்க ரெண்டு பேரையும் ஏசுங்க" என்றாள். தப்பாக இல்லை. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் அந்தப் பிள்ளை தாயில்லாமல் வளர்ந்திருக்கும். திரும்பி வரும்போது ஆற்றுப்பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "நம்ம மூக்கு இன்னும் வேலை செய்யுதுட்டி" என்றாள். நம்ம மூக்கு என்றுதான் சொன்னாள்.

வயதில் அவள் எனக்கு ரெண்டு வருடம் மூத்தவள். ஓய்வு பெற்றாள், மகனோடு போனாள். எனக்குப் பின்சீட்டு காலியானது. முதல் ஆறு மாதம் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை, பாரம் குறைந்ததில் முன்னே முன்னே ஓடியது. பள்ளம் வந்தால் தோளில் தட்டு விழும் என்று காத்திருந்து பள்ளத்திலேயே இறக்கியிருக்கிறேன். அவளுடைய அந்த இரண்டாவது ஹெல்மெட் என் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அவ்வளவு பழைய ஹெல்மெட்டைப் போடக் கூடாது, உள்ளே இருக்கிற பஞ்சு செத்துப்போயிருக்கும் என்று உங்களுக்கு நானே சொல்லுவேன். போடுவதற்கு வைத்திருக்கவில்லை. அவள் வந்தால் பின்னால் உட்காரப் புதிது வாங்கிக் கொடுப்பேன். அவளுக்கு முட்டுவலி, நாலு மாடி இறங்குவதே பெரும்பாடு. வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் புதன்கிழமைகளில் இன்னும் வண்டி எடுக்கிறேன். உங்களில் சிலர் என்னை ரோட்டில் பார்த்திருப்பீர்கள், ஓய்வு பெற்ற பிறகும் இந்த அம்மாள் மஞ்சள் ஜாக்கெட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு எங்கே போகிறாள் என்று சிரித்திருப்பீர்கள். எங்கேயும் இல்லை. பழைய வழியிலேயே போய், எங்கேயாவது நிறுத்தி, ஓசூருக்குப் போன் போடுவேன். அவள் நலம் விசாரிக்கமாட்டாள். "எங்கன நிக்க? என்ன மணக்கு?" என்பாள். நான் மூச்சை முழுக்க விட்டுவிட்டு, பைய இழுத்துச் சொல்லுவேன். நெல் அவிக்கிறார்கள் என்பேன். வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்திருக்கிறது, சேறு மணக்கிறது என்பேன். புகையிலை, வாழைச்சருகு, சாரலுக்கு முன்னால் வருகிற காற்று. அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். போதும் என்று அவள்தான் வைப்பாள்.

அந்த டீ வடை கூட்டத்துக்கு அடுத்த புதன்கிழமை உளுந்து பரப்பியிருந்த அதே ரோட்டில் நிறுத்தினேன். அந்தப் பெண் கேட்ட கேள்வி மனதில் குடைந்துகொண்டே இருந்தது. போனை எடுத்ததும் வழக்கம்போல அவள் கேட்டாள். அதற்குப் பதிலாக நான் இதைச் சொன்னேன்.

"செண்பகம், அன்னைக்குக் கடையில நீ சின்னதே எடுக்கட்டான்னு கேட்ட. நான்தான் பெரிசு எடுன்னேன். பஸ்ஸு போயிரும்னு."

இத்தனை வருடத்தில் இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. தினமும் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம் சொல்ல முடியாததை அவ்வளவு தூரத்தில் இருப்பவளிடம் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. ரோட்டோரத்தில் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அழுகிற கிழவியைப் பார்த்து ஒரு டிராக்டர்க்காரன் வேகத்தைக் குறைத்தான். போ என்று கையைக் காட்டினேன்.

அந்தப் பக்கம் அவள் அவசரப்படவில்லை. நான் அழுது முடிக்கிற வரைக்கும் இருந்தாள்.

"எனக்குத் தெரியாதாட்டி அது? விடு" என்றாள். "இப்ப என்ன மணக்கு, அதைச் சொல்லு."

மூச்சை விட்டேன். இழுத்தேன். அழுததில் மூக்கு அடைத்துப்போயிருந்தது. இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம், காலடியில் உளுந்து, எங்கோ யாரோ வைக்கோல் கொளுத்துகிற புகை கண்ணுக்குத் தெரிகிறது.

"ஒண்ணும் மணக்கல" என்றேன்.

அவள் சிரித்தாள். பின்சீட்டில் உட்கார்ந்து சிரிப்பாளே, அதே சிரிப்பு.

"அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். கடைக்குப் போகும்போது கொண்டையை அவிழ்த்து, பின்னிப் போட்டுக்கொண்டு போ. டீ ஆறுகிற வரைக்கும் உட்காரு. கூட யாராவது வந்து நேரமாகுது என்று சொன்னால், பஸ்ஸை விட்டுவிடு.